வீடு இருக்கிற பாட்டு

தமிழில் கல்யாணப் பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆடுவதற்கான பாட்டுக்குத்தான் பஞ்சம்.

கேட்பதற்கு இது சில்லறை விஷயம். ரிசப்ஷன் மேடையில் மூணு நிமிஷம் ஓடப்போகிற பாட்டு. டிஜே தம்பியின் லேப்டாப்பில் ஆயிரம் இருக்கும், ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போகலாம். ஆனால் அந்த மூணு நிமிஷத்துக்காக நம்முடைய காதல் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்க உட்கார்ந்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். நாம் உயிராகக் கொண்டாடுகிற பாட்டுகள் பலவற்றில் காதலர்கள் சேர்ந்து இருப்பதே இல்லை. அப்படியே இருந்தாலும் கடைசியில் சேரப்போவதில்லை. பிறகு எதை வைத்து ஆடுவது?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது கதிர்காமத்திலிருந்து. என் சித்தி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். "அவங்க வீட்ல ஃபர்ஸ்ட் டான்ஸ் வேணும்ங்கறாங்கண்ணா. நீதான் பாட்டு ஆளாச்சே, பார்த்துச் சொல்லு" என்று மூணு பாட்டுகளின் சுட்டியை அனுப்பியிருந்தாள். ஒன்று 'சில்லுனு ஒரு காதல்' படத்தில் ஷ்ரேயா கோஷலும் நரேஷ் ஐயரும் பாடியது. இன்னொன்று 'விண்ணைத்தாண்டி வருவாயா'. மூன்றாவது '96'.

மூன்றும் நல்ல பாட்டுகள். மூன்றும் நிறைய ரிசப்ஷன்களில் கேட்டவை. மூன்றிலும் கல்யாணம் நடக்கவில்லை.

*

முதலில் இந்த ஆட்டம் என்ன என்று பார்த்துவிடலாம். ஐரோப்பிய நடன விருந்துகளில் அவையின் முக்கியமான ஜோடி முதலில் இறங்கி ஆடும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஆடலாம். கல்யாண விருந்தில் அந்த ஜோடி மணமக்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை நடனத்தைத் 'திறந்துவைப்பது' என்பார்கள். பெரும்பாலும் வால்ட்ஸ். சில வீடுகளில் மணமகள் முதலில் தன் அப்பாவோடு ஒரு சுற்று ஆடிவிட்டு மாப்பிள்ளையிடம் போவாள். ஆக அது அந்தரங்கமான ஆட்டம் இல்லை, ஒரு சபை மரியாதை. கடையைத் திறக்கிற மாதிரி.

நம் ஊருக்கு வந்தபோது அதன் பொருள் மாறிவிட்டது. இங்கே மணமக்களுக்குப் பிறகு யாரும் ஜோடி ஜோடியாக ஆடப்போவதில்லை. மாமா, அத்தை, மொய்க் கவரோடு நிற்கிற அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எனவே அது திறப்பு இல்லை, காட்சி. ஒரு ஆணும் பெண்ணும் எல்லார் முன்னாலும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொண்டு நிற்கிற காட்சி.

தமிழ்க் கல்யாணத்தில் தொடுதல் ஏற்கெனவே உண்டு. ஆனால் அதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும். கையைப் பிடிப்பது சடங்கு. சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு தீயைச் சுற்றுவது சடங்கு. தாலி கட்டும்போது கழுத்தில் விரல் படுவதும் சடங்கு. அந்த நேரத்தில் கெட்டிமேளம் வேறு, அபசகுனமாக எதுவும் காதில் விழுந்துவிடக் கூடாது என்று. நம் கல்யாணத்தின் உச்சக்கட்ட இசையின் வேலையே மற்றச் சத்தத்தை மூடுவதுதான். ஃபர்ஸ்ட் டான்ஸில் ஐயரும் இல்லை, அத்தையும் இல்லை, காரணமும் இல்லை. ரெண்டு பேர் விரும்பித் தொட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சங்கடம் அங்கேதான் வருகிறது. பாட்டு தேவைப்படுவதும் அதனால்தான். சடங்கு செய்ய வேண்டிய வேலையை இங்கே பாட்டு செய்கிறது.

நம் அகத்திணை இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறது. களவு என்பது ஊருக்குத் தெரியாத காதல். கற்பு என்பது ஊரறிந்த இல்லறம். ரெண்டுக்கும் நடுவே அறத்தொடு நிற்றல்: மறைத்துவைத்த காதலைத் தோழி செவிலியிடமும், செவிலி தாயிடமும் மெல்ல எடுத்துச் சொல்வது. காதலித்துக் கல்யாணம் செய்கிற ஜோடிக்கு இந்த மூணு நிமிஷ ஆட்டம் கிட்டத்தட்ட ஓர் அறத்தொடு நிற்றல். இத்தனை நாள் பைக்கில் ஹெல்மெட்டுக்குள் ஒளித்துவைத்ததை அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வீட்டில் பார்த்துச் செய்கிற கல்யாணத்தில் கதையே வேறு. அவர்களுக்கு நடக்காத களவை இந்தப் பாட்டு மூணு நிமிஷத்தில் நடத்திக் காட்டுகிறது. காதலித்தவர்கள் மாதிரி ஆடுகிறார்கள். இதைப் போலித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. இல்லாமல் போன ஒன்றை வேண்டும் என்று கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

எங்கள் கதிர்காமத்துக்கு இலங்கையில் அதே பெயரில் ஒரு முருகன் தலம் இருக்கிறது. முருகனுக்கு ரெண்டு கல்யாணம். தெய்வானையை இந்திரன் முறையாகக் கொடுத்தான். வள்ளியைத் தினைப்புனத்தில் போய் இவனே தேடிக்கொண்டான். முதலாவது கற்பு, இரண்டாவது களவு என்று சொல்வது வழக்கம். இலங்கைக் கதிர்காமத்தில் ஆடி மாதத்தை ஒட்டிய திருவிழாவில் சாமி ஊர்வலமாகப் போவது வள்ளியம்மன் கோயிலுக்கு. கல்யாணம் ஆன பிறகும் காதலியைத் தேடிப்போகிற நடையை ஊரே திரண்டு நின்று பார்க்கிறது. சாமிக்கு இருக்கிற இந்த வசதி மனுஷங்களுக்கு இல்லாததால்தான் சினிமாப் பாட்டை நாடுகிறோம்.

*

இப்போது அந்த மூணு பாட்டுக்கு வருவோம்.

'சில்லுனு ஒரு காதல்' 2006 செப்டம்பரில் வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசை, வாலி வரிகள். அந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் மனதில் சூர்யா, ஜோதிகா முகம்தான் வரும். படம் வந்த அதே வாரத்தில் அவர்கள் நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆனால் திரையில் அந்தப் பாட்டு ஜோதிகாவுக்கு இல்லை, பூமிகாவுக்கு. மனைவி பழைய டைரியை எடுத்துப் படிக்கிறாள், அதில் புருஷனின் கல்லூரிக் காதல் இருக்கிறது, அந்தக் காதலின் பாட்டு இது. அந்தக் காதலர்கள் பதிவுத் திருமணம் செய்யப்போகும்போது பெண்ணின் அப்பா வந்து பிரித்துவிடுகிறார். ஆக, இன்று பல மணப்பெண்கள் ஆடுகிற பாட்டு படத்தில் மனைவியின் நெஞ்சைக் குத்திய பாட்டு.

'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் (2010) ஜெஸ்ஸி வேறொருவரைக் கட்டிக்கொள்கிறாள். '96'இல் (2018) ராமும் ஜானுவும் இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரே ஒரு ராத்திரி சேர்ந்து நடக்கிறார்கள். ஜானுவுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. விடிந்ததும் விமானம்.

சரி, இவை காதல் பாட்டு, அப்படித்தான் இருக்கும், கல்யாணத்துக்கென்றே எழுதிய பாட்டுகள் வேறு மாதிரி இருக்குமே என்று தோன்றலாம். 'பாசமல'ரில் (1961) கண்ணதாசன் எழுதி எல்.ஆர். ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டு அறுபது வருஷமாகத் தமிழ்நாட்டு மைக்செட்டுகளில் ஓடுகிறது. அந்தக் கல்யாணத்திலிருந்துதான் அண்ணன் தங்கை பிரிவும், முடிவில் ரெண்டு பேருடைய சாவும் தொடங்குகின்றன. 'தேவர் மக'னில் (1992) மணமகளை வரவேற்கிற இளையராஜா பாட்டு இல்லாமல் எந்த மண்டபத்திலும் பெண் மேடையேறுவதில்லை. படத்தில் அந்தக் கல்யாணத்தைப் பெண்ணும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை. நிச்சயித்த மாப்பிள்ளை பயந்து ஓடிவிட்டதால் இன்னொருத்தியைக் காதலிக்கிற ஒருவன் ஊர் மானத்துக்காகத் தாலி கட்டுகிறான். அந்த வீட்டுக்குள் அவள் எப்படி வருகிறாள் என்று ஒருமுறை திரும்பப் பாருங்கள். ரேவதியின் முகத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் பயம் இருக்கிறது. அந்தப் பாட்டின் அழகே அந்தப் பயத்தின் மேல் தடவின சந்தனம்தான்.

சினிமாவை விடுங்கள். வைணவக் கல்யாணங்களில் நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகத்தைப் பாடுவார்கள். தோரணம் முதல் தீவலம் வரை ஒரு கல்யாணத்தின் ஒவ்வொரு படியும் அதில் இருக்கிறது. ஆனால் அது நடந்த கல்யாணம் இல்லை. ஆண்டாள் தோழியிடம் சொல்கிற கனவு. தமிழின் மிகப் பழைய மங்கலப் பாட்டுகளில் ஒன்று, கல்யாணம் ஆகாத ஒருத்தியின் ஏக்கம்.

இன்னும் பின்னால் போனால் கணக்கே கையில் கிடைக்கிறது. அகநானூற்றின் 400 பாட்டுகளை அடுக்கியவர்கள் ஒற்றைப்படை எண்களை எல்லாம் பாலைக்குக் கொடுத்தார்கள். அதாவது 200 பாட்டு பிரிவுக்கு. கூடலுக்குரிய குறிஞ்சிக்கு 80. மிச்சம் மூன்று திணைக்கும் தலா 40. நம் ஆட்கள் காதலில் சரிபாதியைப் பாலைநிலத்தில்தான் வைத்தார்கள். மணிரத்னமும் கௌதம் மேனனும் பிறப்பதற்கு ரொம்ப நாள் முன்பே இது முடிவாகிவிட்டது.

*

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பாட்டு ஒன்று, படம் ஒன்று. படத்தில் என்ன நடந்தால் எனக்கென்ன, பாட்டு நல்லா இருக்கு, ஆடறோம் என்று ஒருத்தர் சொன்னால் அதை மறுக்க முடியாது. ஏனென்றால் பாட்டுகள் தங்கள் படங்களை விட்டு ஓடிப்போவதை நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். 'குணா' (1991) படத்தில் கமலும் ஜானகியும் பாடுகிற கடிதப் பாட்டு, மனநிலை பிறழ்ந்த ஒருவன் தான் கடத்திவந்த பெண்ணிடம் பாடுவது. முப்பது வருஷம் அது காதல் பாட்டாகவே இருந்தது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அதைக் குழியில் விழுந்த சிநேகிதனை மேலே தூக்குகிற பாட்டாக மாற்றியது. தியேட்டரில் அழுதவர்கள் யாருக்கும் கடத்தல் ஞாபகம் வரவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. டாலி பார்ட்டன் தன்னோடு பாடிவந்த போர்ட்டர் வேகனரை விட்டுப் பிரிந்துபோக எழுதிய விடைபெறும் பாட்டை, விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடிய பிறகு உலகம் முழுக்கக் கல்யாணங்களில் போடுகிறார்கள். தி போலீஸ் குழுவின் 1983ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்று, விட்டுப் போனவளை வேவு பார்க்கிறவனின் பாட்டு. அதுவும் கல்யாண மேடைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன எடித் பியாஃபின் காதல் துதிப் பாட்டுக்கும் இதே கதைதான். குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தானுக்காக அவர் எழுதியது. 1949 அக்டோபரில் செர்தான் விமான விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு துக்கம் சுமக்காமல் ஒலித்ததே இல்லை.

ஆகவே படத்துச் சூழலை வைத்து ஒரு பாட்டைக் கல்யாணத்திலிருந்து தள்ளிவைக்க முடியாது. தள்ளிவைக்கத் தொடங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் என் சந்தேகம் சூழலைப் பற்றியது இல்லை, பாட்டின் உள்ளே இருப்பதைப் பற்றியது. பிரிவுக்காகச் செய்த பாட்டில் பிரிவு மெட்டிலேயே ஊறியிருக்கும். '96'இன் வயலினைக் கேளுங்கள். அது எதிரில் நிற்கிறவரைப் பார்த்து வாசிக்கவில்லை, போன ஒருவரைப் பார்த்து வாசிக்கிறது. அந்த இசைக்கு ரெண்டு பேர் கைகோத்து ஆடினால், பக்கத்தில் இருக்கிறவரை விட்டுவிட்டு ரெண்டு பேரும் தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி ஆகிவிடும். ரிசப்ஷன் வீடியோக்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மணமக்களின் கண் கேமராமேன் மேல் இருப்பதற்குப் பாட்டும் ஒரு காரணம்.

*

தமிழ் சினிமா கல்யாணமானவர்களின் காதலைப் பாடியதே இல்லையா? பாடியிருக்கிறது. அதே 'சில்லுனு ஒரு காத'லில் இன்னொரு பாட்டு, ரஹ்மானே பாடியது. நியூயார்க்கில் தனியாக மாட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டியை நினைத்துப் பாடுவது. வீடு, குளிர், பக்கத்தில் இல்லாதவள். கல்யாணக் காதலைப் பற்றித் தமிழில் வந்த மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் பாருங்கள், மனைவியைப் பாடுவதற்கும் அவளிடமிருந்து ஏழாயிரம் மைலுக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. ஆபீஸ் வேலையாகப் போனவன் பாடுகிற பாட்டுக்குப் பழைய பெயர் பொருள்வயிற் பிரிவு. மறுபடியும் பாலைதான், மணலுக்குப் பதில் பனி.

இந்தப் பாட்டை என் தங்கச்சிக்கு எடுத்துச்சொல்ல நான் தயங்கியதற்கு வேறு காரணம் இருந்தது. கல்யாணம் முடிந்து மூணு வாரத்தில் மாப்பிள்ளை திரும்பிப் போக வேண்டும். இவளுக்கு விசா வர மாசக்கணக்காகும். அதுவரை கதிர்காமத்தில், மெடிக்கல் காலேஜ் பக்கத்து வீட்டில், அம்மாவோடு காத்திருப்பாள். அவளுக்குப் பிரிவு பாட்டில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. தன்னையறியாமலே அவள் மூணு பிரிவுப் பாட்டை அனுப்பியதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். அவை அவளுக்குப் பொருந்தாத பாட்டுகள் இல்லை, மிகவும் பொருந்துகிற பாட்டுகள். அதுதான் எனக்கு உறுத்தியது. பிரிவு எப்படியும் தானாக வரும். அதை மேடையில் ஒருதரம் ஒத்திகை பார்க்க வேண்டாமே.

பாட்டை மதிப்பிட எனக்குக் கிடைத்த அளவுகோல் எளிமையானது. அதில் வீடு இருக்கிறதா? மழை, ரயில், ஏர்போர்ட், கடற்கரை எல்லாம் களவின் இடங்கள். நம் பாட்டுகளில் அவை நிறைய. அடுப்பு, துண்டு, கதவு, ரெண்டு பேர் படுக்கிற பாய், இவை வருகிற பாட்டு எத்தனை?

எதிர்பாராத இடத்தில் ஒன்று கிடைத்தது. 'மின்னலே' (2001). தாமரை வரிகள், ஹாரிஸ் ஜெயராஜ் இசை, பாம்பே ஜெயஸ்ரீ குரல். படத்துச் சூழல் மோசம்: அவளை ஏமாற்றி இன்னொருத்தன் பெயரில் பழகுகிறான் நாயகன், அது தெரியாமல் அவள் பாடுகிறாள். ஆனால் அவள் கேட்பது என்ன? மழையில் நனைந்து காய்ச்சல் வர வேண்டும், குளித்து வருகிறவன் அவள் சேலையில் ஈரத்தலையைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெண் தனக்கு வேண்டிய வீட்டைத் தானே அடுக்குகிறாள். அந்தக் குடித்தனத்தின் சின்னச்சின்னக் காரியங்களில் அவள் ஆசை வெட்கமில்லாமல் இருக்கிறது. ஏமாற்றுகிறவன் கையில் கொடுத்தாலும் அந்த வீடு கெடவில்லை. படத்திலிருந்து அந்தப் பாட்டை மீட்டுக்கொண்டு வருவதற்கான தகுதி அதன் உள்ளேயே இருக்கிறது.

வீடு என்று சொன்னதும் புதுச்சேரிக்காரனுக்குப் பாரதிதாசன் ஞாபகம் வராமல் போகாது. 'குடும்ப விளக்கு' எழுதியவர். ஒரு குடும்பத் தலைவியின் ஒருநாளில் தொடங்கி முதியோர் காதலில் முடிகிற ஐந்து பகுதிகள். பல்லுப்போன புருஷனும் பெண்டாட்டியும் காதலிக்கிறார்கள் என்று எழுத நம் மரபில் அதிகம் பேர் துணியவில்லை, அவர் துணிந்தார். ஆனால் அந்த வீட்டை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விடியற்காலையில் எழுந்து கோலம் போட்டு, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கடைக்கணக்கையும் பார்த்து, சிரித்த முகமாக இருக்கிற தலைவியின் ஒருநாளைப் படித்தால் இப்போதைய வாசகிக்கு முதலில் முதுகு வலிக்கும். வீடு இருக்கிற பாட்டு என்று தேடும்போது இதையும் பார்க்க வேண்டும்: அந்த வீட்டில் வேலை யாருக்கு, ஆசை யாருக்கு? தாமரையின் பாட்டு எனக்குப் பிடித்ததற்கு இது முக்கியமான காரணம். அங்கே வீட்டைக் கற்பனை செய்கிறவளே அதில் சுகப்படவும் போகிறாள்.

தாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபர்ஸ்ட் டான்ஸ் என்றால் வால்ட்ஸ், வால்ட்ஸ் என்றால் நமக்கு வராது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த ஒன்று-ரெண்டு-மூன்று நம்முடைய தகிடதான். தாலாட்டிலும் ஊஞ்சல் பாட்டிலும் நம் உடம்பு அதைப் பழகியிருக்கிறது. உண்மையான சிக்கல் சினிமாப் பாட்டின் கட்டுமானத்தில் இருக்கிறது. ஐந்து நிமிஷப் பாட்டில் நடுவே வருகிற இசை, திரையில் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் ஷாட் மாற்றுவதற்காகப் போட்டது. மேடையில் ஷாட் மாறாது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் மாப்பிள்ளை பெண்ணை ரெண்டாவது முறையாகச் சுற்றிவிடுவார். பல்லவியும் ஒரு சரணமும் போதும், மிச்சத்தை வெட்டச் சொல்லுங்கள். இதை அவளிடமும் சொன்னேன். 'மின்னலே' பாட்டைப் பற்றியும் சொன்னேன். "யோசிக்கிறோம்ணா" என்றாள். தேர்வு அவர்களுடையது.

*

சங்க இலக்கியத்தில் ஒரு கல்யாணம் எப்படி நடந்தது என்று விரிவாகச் சொல்கிற பாட்டுகளாக அகநானூற்றின் 86ஐயும் 136ஐயும் காட்டுவார்கள். பந்தல், மணல், விளக்கு, உழுந்துச் சோறு, நீராட்டி வாழ்த்துகிற பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாம் 86இல் இருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சடங்குக் குறிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ரெண்டு பாட்டும் எந்தத் திணையில் இருக்கின்றன என்று பாருங்கள். மருதம். ஊடல். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் விடாமல் நிறுத்திவைத்திருக்கிறாள், அல்லது எவ்வளவு சமாதானம் சொல்லியும் இரங்க மறுக்கிறாள். அந்த நேரத்தில் அவனுக்குக் கல்யாண நாள் ஞாபகம் வருகிறது.

ஞாபகத்தில் எது நிற்கிறது? 136இல் கல்யாணம் முடிந்த ராத்திரி. புதுத்துணியால் உடம்பு முழுக்கப் போர்த்திக்கொண்டு அவள் புழுங்கிக்கிடக்கிறாள். நெற்றி வியர்வைக்குக் கொஞ்சம் காற்றுப் படட்டுமே என்று அவன் அந்தப் போர்வையை விலக்குகிறான். அவள் வெட்கப்படுகிறாள். அவ்வளவுதான். நிலா இல்லை, மலை இல்லை, ஏக்கமும் இல்லை. கனத்த கல்யாணத் துணிக்குள் ஒருத்திக்குப் புழுங்குகிறது என்பதை ஒருத்தன் கவனித்தான். ரெண்டாயிரம் வருஷமாக அந்தக் கவனிப்பு நமக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

இன்றைய மணப்பெண் மேடை விளக்குகளுக்குக் கீழே, ஆறு கிலோ லெஹங்காவிலோ பட்டுப்புடவையிலோ, அதே மாதிரி வியர்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். ஆடுகிற மூணு நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பவர் அதைக் கவனிக்க இடம் கொடுக்கிற பாட்டு எதுவோ, அதுவே நல்ல பாட்டு. பின்னொரு நாள் கோபத்தில் கதவு சாத்தப்படும்போது நினைத்துப்பார்க்க அந்த மூணு நிமிஷம் அவர்களுக்கு மிச்சமிருக்கும்.